பசை தடவுமுன் படிக்கவும்

முதல் தாள்
திங்கட்கிழமை காலை

அன்பு மகளுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதும் கடிதம்.

அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதிக் கொடுத்ததோ என்று சந்தேகப்படாதே. எழுத்துகள் கோழி கிளறிய மாதிரி இருக்கின்றன பார், அதுவே சாட்சி. ஊருக்கு எழுதிக் கொடுக்கிற ஆள் இவ்வளவு மோசமாக எழுதினால் அவரிடம் யார் வருவார்கள்? இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீ சுகம் என்று அம்மாவின் போன் ஞாயிறுதோறும் சொல்கிறது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் உனக்கு இருமல் இருந்தது. இந்த வாரம் இல்லை. சந்தோஷம்.

பெரிய தாள்கள் நான்கு அனுப்புகிறேன். மறுபக்கத்தில் ஒன்று இருக்கிறது. பிரிக்கும்போதே கண்ணில் பட்டிருக்கும். பட்டது பட்டதாக இருக்கட்டும், இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு அந்தப் பக்கம் போ. சின்ன வயதிலிருந்தே உனக்கு எதையும் கடைசியிலிருந்து பார்க்கிற பழக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த உளவாளிப் படத்தின் எட்டாவது பாகம், அதுதான் கடைசிப் பாகமாம், அடுத்த மாதம் பத்தாம் தேதி வருகிறது என்றும், அன்று உங்கள் ஊர்த் தியேட்டரின் வெளிச்சுவர் முழுவதையும் ரசிகர்களுக்கே விட்டுவிட்டார்கள் என்றும் அம்மாவிடம் சொன்னாய். கம்பெனி போஸ்டர் ஒன்றுகூடக் கிடையாதாம். ரசிகர்கள் தாங்களாகவே வரைந்த முப்பது போஸ்டர்கள்தானாம். அதில் உன்னுடையதை ஒட்ட அப்பா வருவாரா என்று கேட்கச் சொன்னாய். அம்மா மூன்று முறை கேட்டுவிட்டாள். மூன்று முறையும் பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம், உனக்குத் தெரியும். இந்த முறை அப்படி இல்லை. வரத்தான் கால் துடிக்கிறது. ஆனால் வருவதற்கு முன் ஓர் உண்மையை நீ கேட்க வேண்டும். கேட்ட பிறகும் வரச் சொல்கிறாயா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும்.

இதோ, சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் முன்புவரை உன் அப்பாவுக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது.

(இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அம்மா வாசலைக் கூட்டிக்கொண்டே, உட்கார்ந்து எழுதறீங்களா, தோப்புக்கரணம் போடறீங்களா என்று கேட்கிறாள். காலையிலிருந்து பன்னிரண்டாவது தடவை எழுந்திருக்கிறேனாம். எண்ணியிருக்கிறாள்.)

நீ நம்ப மாட்டாய். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறாய். பள்ளிக்கூட ரிப்போர்ட்டை நீ நீட்டும்போது கால் மணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வாலும் கொம்புமாக ஒரு கையெழுத்துப் போடுவேன். அப்பா எவ்வளவு கண்டிப்பு என்று நீ பயந்தாய். எனக்கு அதில் தெரிந்தது சிவப்பு மை எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். கடையில் ஏதாவது படிக்க வேண்டி வந்தால் கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்பேன். மூக்குக்கண்ணாடி வாங்குவதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் செய்தித்தாளைப் பக்கத்து ஆளிடம் தள்ளி, இவன் என்ன சொல்றான் பாருங்க, அநியாயமா இல்ல என்று கேட்டால் போதும், அவரே முழுவதும் படித்துக் காட்டிவிட்டு என்னோடு சண்டையும் போடுவார். உன் அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அவள்தான் என் கூட்டாளி. உங்கள் படத்து உளவாளி ஏழு பாகத்திலும் எதிரியிடம் மாட்டிக்கொள்கிறான். நான் அறுபத்திரண்டு வயதுவரை மாட்டவே இல்லை.

போஸ்டர் ஒட்டுகிறவனுக்கு எழுத்து எதற்கு? முகம் இருக்கிற பக்கம் மேல், கால் இருக்கிற பக்கம் கீழ். "இன்று முதல்" என்பது மஞ்சள் பட்டை, "இரண்டாவது வாரம்" பச்சைப் பட்டை. கடைசியில் படமே இல்லாத ஒரு தாளால்தான் பிடிபட்டேன். நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கப்போகிறது என்ற நோட்டீஸ். வெறும் எழுத்து. எது தலை, எது கால் என்று தெரியவில்லை. பஸ் நிலையத்தில் பதினாறு தாளையும் வரிசையாக, சுருக்கமில்லாமல், அழகாக, தலைகீழாக ஒட்டினேன். அந்த வகுப்பை நடத்தப்போகிற பெண்மணி வந்து பார்த்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். கழுத்தை ஒடித்துத் தலையைச் சாய்த்து முழு நோட்டீஸையும் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஐயா, முதல் டிக்கெட் உங்களுக்குத்தான் கிழிக்கணும் என்றார்.


இரண்டாம் தாள்
செவ்வாய், மதியம்

நேற்று ஒரு தாளோடு கை வலி எடுத்துவிட்டது. வாளி தூக்குகிற கை, பேனா தூக்கினால் வலிக்கிறது. வேடிக்கைதான்.

படிக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி ஒரு தாள் முழுக்க எழுதலாம். கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். மருந்துப் புட்டி, பஸ் போர்டு, எதிர்வீட்டுக் கதவு. எதிர்வீட்டுக் கதவில் நாய் ஜாக்கிரதை என்று இருக்கிறது. இருபது வருடமாக அது அந்த வீட்டுக்காரர் பெயர் என்று நினைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவரைப் பொறுத்தவரை ரெண்டும் ஒண்ணுதான் என்றாள்.

போன மாதம் கண்டக்டரம்மா ஒரு வேலை கொடுத்தார். புத்தகம் போதும், அவரவர் வீட்டில் இருக்கிற எதையாவது கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் படியுங்கள் என்றார். இஸ்திரிக்காரர் சோப்பு அட்டையைக் கொண்டுவந்து, அதை ஏதோ காவியம் மாதிரி இழுத்து இழுத்துப் படித்தார். என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மா தன் போனைக் கொடுத்தாள். மகள் படம் போடற பக்கம், கீழே ஏதோ எழுதியிருக்கா, இதைப் படிங்க என்றாள். நீ படிச்சதில்லையா என்று கேட்டேன். அந்தப் பொடி எழுத்தை யார் படிப்பா, படத்தைப் பார்த்துட்டு ஒரு பூவை அனுப்பிடுவேன் என்றாள்.

அப்படித்தான் உங்கள் ரசிகர் மன்றத்துப் பக்கத்துக்குள் நுழைந்தேன். அம்மாடி! நாற்பது வருடம் ஒட்டியவன் சொல்கிறேன், கம்பெனி போஸ்டர் எல்லாம் ஒரே அச்சு. நடிகன் முகம், கையில் துப்பாக்கி, பின்னால் நெருப்பு, மூலையில் ஹெலிகாப்டர். உங்கள் ஆட்கள் செய்திருப்பது வேறு. ஒருவர் அந்த உளவாளி எப்போதும் போடுகிற ஒற்றைக் கையுறை கொடியில் காய்வதை மட்டும் போட்டிருக்கிறார். இன்னொருவர் எல்லாப் பொத்தானும் எரிகிற ஒரு லிஃப்டை வரைந்திருக்கிறார், உள்ளே ஆளே இல்லை. அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. யார் அத்தனை பொத்தானை அழுத்தியது? எங்கே போனான்? ஒரு பிள்ளை மட்டும் எறும்பு எறும்பாக எழுத்தைக் கொட்டியிருக்கிறது. அதனிடம் சொல், போஸ்டர் என்றால் பஸ் நின்று கிளம்புவதற்குள் ஜன்னலோரத்து ஆளுக்குப் புரிய வேண்டும்.

அந்தப் பக்கத்தில் உன் பெயர் பசைவாளி என்று இருந்தது. சிரித்துவிட்டேன். உன்னுடைய முதல் போஸ்டர் என்று ஒன்று இருந்தது. ஒருவன் சுவரைப் பார்த்து நிற்கிறான், முதுகு மட்டும் தெரிகிறது. காலடியில் வாளி. வலது கையில் தூரிகை, உயர்த்திய இடது கையில் கையுறை. உளவாளி போஸ்டர் ஒட்டுபவனாக வேஷம் போட்டிருக்கிறான். பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். எங்கே என்று பிடிபடவில்லை.

வகுப்பில் எழுந்து நின்று, கீழே நீ எழுதியிருந்ததை விரல் வைத்துப் படித்தேன். அடுத்த வார்த்தை என்னவென்று எனக்கே தெரியாது, ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன். இந்தப் படங்களை நான் முதலில் விரும்பியதற்குக் காரணம் அந்தக் கையுறை, என் அப்பாவும் இடது கையில் மட்டும் கையுறை போடுவார், பூச்சி வராமல் இருக்கப் பசையில் கலக்கும் மயில்துத்தம் அவர் உள்ளங்கையை அரித்துவிடும், இதில் நிற்கும் முதுகு அவருடையது. அதுவரை படித்ததும் இஸ்திரிக்காரர், யோவ், இது உங்க முதுகா என்றார். என் முதுகை நான் எங்கே பார்த்தேன்! வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே நீ அடுத்து எழுதியிருந்ததைப் படித்தேன்.

நான்கு வருடத்துக்கு முன் வெளியூரில் வேலை கிடைத்தபோது அப்பாவிடம் நேரில் கேட்கப் பயந்தேன். இந்தப் போஸ்டரின் பின்பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, அவர் விடியற்காலையில் எடுத்துப்போகும் கட்டின் மேல் வைத்தேன். நான் போவதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் இதை ஏதாவது ஒரு சுவரில் ஒட்டுங்கள். சம்மதம் இல்லை என்றால் மடித்து என் பைக்குள் வைத்துவிடுங்கள், நான் போகவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தேன். காலையில் பஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே இருப்பதிலேயே நல்ல சுவரில், ஆள் உயரத்தில், ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தார். அதற்கு முன்னால் நின்று அழுதுவிட்டு பஸ் ஏறினேன். அதன்பிறகு அப்பா என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று தெரியவில்லை. ஆனால் அவர் வாயால் பேசுகிறவர் இல்லை, ஒட்டிக் காட்டுகிறவர்.

இதை நான் என் வாயால், எல்லோர் முன்னாலும், எழுத்துக்கூட்டிப் படித்தேன் மகளே.

இஸ்திரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பான்னா இப்படி இருக்கணும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கண்டக்டரம்மா மட்டும் தட்டவில்லை. படிக்கட்டுவரை கூடவே வந்து, மெதுவாக, நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு அ கூடத் தெரியாதே ஐயா என்றார்.


மூன்றாம் தாள்
புதன், விடியற்காலை

நேற்று அந்த வரியோடு நிறுத்திவிட்டேன். இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். அம்மா, தேஞ்சு போறது செருப்பு இல்ல, என் வீட்டுத் தரை என்றாள்.

அன்று நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஏழாம் பாகம் வெளியான வாரம் அது. கட்டு முழுக்க அந்த உளவாளி. மேலே ஒரு தாள் தனியாக இருந்தது. ஒற்றைக் கையுறை தெரிந்தது, அதே காகிதம், அதே அளவு. அச்சகத்துக்காரர்கள் புது டிசைன் ஒன்று சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரே ஒரு தாள்தான் வந்திருக்கிறது, நல்ல இடத்தில் போடலாம் என்று பஸ் நிலையச் சுவருக்கு எடுத்துப்போனேன். என்னோடு வேலை செய்கிற ஏணியைத் தெரியுமே, அந்த நெட்டை மனிதர், அவரிடம்கூடச் சொன்னேன், இவ்வளவு பெரிய நடிகன், முகத்தைக் காட்டாம முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறானே, வீட்டுல சண்டையா என்று. ஏணி சிரித்தார்.

தாளைக் குப்புறப் போட்டேன். பின்பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தது. பார்த்தேன் மகளே. பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வரி வரியாக, அழகாக, அணிவகுத்த மாதிரி எழுத்து. அச்சகத்துக்காரர்கள் எத்தனை தாள், எந்த ஊர் என்று பின்னால் கிறுக்கி வைப்பது வழக்கம். அப்படி ஏதோ ஒன்று என்று நினைத்து, வாளியில் தூரிகையை முக்கி, மேலிருந்து கீழாக நாலு இழுப்பு. உன் கடிதம் அதோடு போயிற்று. சுவரில் வைத்து இடது கையால் நீவிவிட்டேன். கையுறைக் கையைக் கையுறைக் கையால் நீவியிருக்கிறேன், பார்.

வீட்டுக்கு வந்தால் நீ இல்லை. உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போறேன்னா என்று அம்மா கேட்டாள். சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. ம் என்றேன். மறுநாள் நீ போன் செய்து, அப்பாகிட்ட சொல்லு, பார்த்துட்டுத்தான் பஸ் ஏறினேன் என்றாயாம். அம்மா வந்து சொன்னாள். எனக்கு நெருப்பு மாதிரி இருந்தது. சுவர் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்திருக்கிறாள், பார்த்தும் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறியிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரே பிள்ளை, சொல்லாமல் போய்விட்டாள். அந்தக் கோபத்தை நாலு வருடம் சோறு போட்டு வளர்த்தேன். நீ இரண்டு முறை வீட்டுக்கு வந்தாய். இரண்டு முறையும் எனக்கு அன்று பார்த்து வெளியூரில் வேலை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வேலை எதுவும் இல்லை. பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுவருக்கு எதிரே.

வகுப்பில் கைதட்டல் வாங்கியதற்கு மறுநாள் சுரண்டியும் ஒரு வாளி தண்ணீரும் எடுத்துக்கொண்டு அந்தச் சுவருக்குப் போனேன். நாலு வருடப் போஸ்டர், மெத்தை மாதிரி திரண்டிருந்தது. அத்தனையும் நான் ஒட்டியது, ஒவ்வொன்றாக நானே கிழித்தேன். ஒட்டற ஆளே கிழிச்சா ஊரு என்னத்துக்கு ஆகும் என்று பெஞ்சில் இருந்தவர்கள் கேட்டார்கள். ஏணி வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து மணிவாக்கில் கையுறை தெரிந்தது. ஈரம் காட்டிக் காட்டி, தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி உரித்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் முழுசாக வந்தது. பின்பக்கம் எல்லாம் நீலக் கறை. ஒரு மூலையில் மட்டும் பசை படவில்லை. எப்படித் தப்பியது என்று தெரியவில்லை, ஏனென்றால் நான் மூலையை விடுகிறவன் இல்லை. அங்கே ஒரு வார்த்தை இருந்தது. படித்தேன். "அப்பா" என்று இருந்தது.

நீ எனக்கு எழுதியதில் நான் படித்தது அந்த ஒரு வார்த்தைதான். அந்தத் துண்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. அதை அனுப்ப மாட்டேன். அது என்னுடையது.


நான்காம் தாள்
வியாழன் காலை, கடைசித் தாள்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கடைசியில், வாயை மூடிக்கிட்டுப் போய் ஒட்டிட்டு வாங்க என்றாள். தப்பா நடந்தாலும் நல்லதுதானே நடந்திருக்கு, பொண்ணு நாலு வருஷமா அந்தச் சம்மதத்தை வச்சுக்கிட்டுத்தான் அங்க இருக்கா, அதைப் போய்ப் பிடுங்குவீங்களா என்றாள்.

அவள் சொல்வது தப்பில்லை. அதனால்தான் மூன்று வாரமாகத் தவிக்கிறேன். உன் பக்கத்தில் மற்ற ரசிகர்கள் எழுதியிருப்பதையும் படித்தேன். பசைவாளியின் அப்பாவைப் பார்க்க வேண்டும், அவர்தான் முதல் போஸ்டரை ஒட்ட வேண்டும் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! ஒரு பிள்ளை, எங்கப்பா எதையும் ஒட்டவும் இல்லை, மடிச்சு வைக்கவும் இல்லை, உங்கப்பா கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும் என்று எழுதியிருக்கிறது. நான் அங்கே வந்து அந்தப் பிள்ளைகள் முன்னால் வாளியோடு நின்றால், அன்றைக்கு உண்மையிலேயே வேஷம் போட்டு நிற்பவன் நான்தான். வேஷம் போட்டது போதும். அறுபத்திரண்டு வருடம் போட்டாயிற்று.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதுதான் எழுதக் கடினமானது. தவறுதலாக ஒட்டினேன் என்பதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அன்று எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். எங்கே நின்று யோசித்தாலும் ஒரே பதில்தான். மடித்து உன் பைக்குள் வைத்திருப்பேன். அச்சகத்தில் ரசீது போடுகிற வேலைக்கு உன்னைப் பற்றி நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். கண்ணெதிரே இருப்பாய், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவாய் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீயும் பையைத் திறந்து பார்த்திருப்பாய், ஒன்றும் பேசாமல் மறுநாளே ரசீதுப் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை. நான் எழுத்து தெரியாதவனாக இருந்ததால் நீ தப்பித்தாய். படித்த அப்பாவாக இருந்திருந்தால் உன்னைக் கெடுத்திருப்பேன்.

இதை எழுதிவிட்டு எழுந்திருக்கவில்லை. அம்மாவே வந்து, என்ன ஆச்சு, ஒரே இடத்துல இருக்கீங்க, உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கண்டக்டரம்மாவிடம் போனேன். நான் பேசியதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார், ஐயா, டிக்கெட் இல்லாம ஏறின ஆளை நான் நடுவழியில் இறக்கிவிட்டதே இல்லை, ஆனா இறங்கறதுக்குள்ள ஒரு டிக்கெட் எடுக்க வச்சிருவேன் என்று. எனக்கு அது போதுமாக இருந்தது. நான் எடுக்காமல் விட்ட டிக்கெட் அந்தச் சம்மதம்தான். ஆகையால், நாலு வருடம் தாமதமாக, இந்த முறை படித்துப் பார்த்துவிட்டு, யோசித்துவிட்டு, சுயநினைவோடு சொல்கிறேன். நீ போனதில் எனக்குச் சம்மதம். நீ அங்கே அட்டைப்பெட்டிகளுக்கு டிசைன் போடுவதும், மிச்ச நேரத்தில் உளவாளிக்குப் போஸ்டர் வரைவதும் எனக்குச் சம்மதம். அப்பாவைக் கேட்காமல் நீ இன்னும் என்னென்ன செய்யப்போகிறாயோ அதற்கும் சேர்த்துச் சம்மதம்.

இப்போது தாள்களைத் திருப்பு.

நாலு தாளையும் சேர்த்தால் ஒரு படம். கட்டத்துக்குள் வரிசை எண் போட்டிருக்கிறேன். நானே வரைந்தது. உங்கள் முப்பது பேரோடு முப்பத்தொன்றாவது ரசிகன் என்று வைத்துக்கொள். ஏழு பாகத்தையும் அம்மாவின் போனில் பார்த்துவிட்டேன், ஐந்தாம் பாகம் சுத்த மோசம். படத்தில் ஒரு பஸ் போகிறது. பஸ் என்று நம்பு, நாலு சக்கரமும் நாலு அளவில் வந்துவிட்டது. கடைசி ஜன்னலில் தெரிவது உன் பின்னந்தலை. முகம் எனக்கு வரவில்லை, அதனால் உன்னையும் முதுகுப் பக்கமாகவே போட்டேன், பழிக்குப் பழி. முன்னால் பெரிதாகத் தெரிவது என் கை, கையுறையோடு. அது எதையும் ஒட்டவில்லை. உனக்கு டாட்டா காட்டுகிறது. அன்று காட்டாத கை.

கேள். இந்தப் படம் உனக்குப் பிடித்திருந்தால், நான் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகும் நான் வருவதில் உனக்குச் சம்மதம் என்றால், இதை உன் அறைச் சுவரில் ஒட்டி, போட்டோ எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பு. கையுறையும் தூரிகையும் எடுத்து வைத்துவிட்டேன், பார்த்த அன்றே பஸ் ஏறிவிடுவேன். சம்மதம் இல்லை என்றால் நாலாக மடித்து, இதே உறையில் திருப்பி அனுப்பிவிடு. நான் கோபப்பட மாட்டேன். மறுபடியும் ஒன்று எழுதுவேன். இப்போது எனக்கு எழுதத் தெரியும்.

ஒட்டுவதாக இருந்தால் கீழ்த் தாள்கள் முதலில், மேல் தாள்கள் பிறகு. இடது தாளின் ஓரம் வலது தாளின் மேல் அரை விரல் ஏறட்டும். பசை கெட்டியாக இருந்தால் சுருங்கும், தண்ணீர் விட்டுக்கொள். நீவும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போ. மயில்துத்தம் சேர்க்காதே, கை அரிக்கும்.

ஒட்டிவிட்டால் இந்தப் பக்கம் சுவருக்குப் போய்விடும். போகட்டும், பரவாயில்லை. ஆனால் பசை தடவுமுன் ஒரே ஒரு முறை, மெதுவாக, விரல் வைத்துப் படி. நான் அன்று செய்யாததை நீ செய்.

போய் வா மகளே. எங்கே போனாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
அப்பா

(கீழே வாலும் கொம்புமாகக் கையெழுத்து எங்கே என்று தேடாதே. அதை விட்டுவிட்டேன். மேலே இருப்பது கையெழுத்து இல்லை, எழுத்து. உன் துண்டுக் காகிதத்தைப் பார்த்து, அதே மாதிரி எழுதினேன்.)